கிராம் கணக்கு

ஏப்ரல் 22, செவ்வாய்

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். பாப்பாவுக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. இதயத்தின் கீழறை இரண்டுக்கும் நடுவே இருக்கிற சுவரில் ஓட்டை, வி.எஸ்.டி. என்கிறார்கள். பிறந்தபோது நன்றாகத்தான் இருந்தாள், 2.8 கிலோ. ஆறாவது வாரத்தில்தான் பால் குடிக்கும்போது நெற்றி வேர்க்க ஆரம்பித்தது, மதுரை வெயில்தானே என்று ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு இருந்தோம். பிறந்த புதிதில் நுரையீரலில் அழுத்தம் அதிகமாக இருக்குமாம், அது குறையக் குறையத்தான் ரத்தம் ஓட்டை வழியாக அந்தப் பக்கம் பாய்ந்து மூச்சு வாங்க ஆரம்பிக்குமாம். முதலில் காட்டிய இடத்தில் "வெறும் சளிதான்" என்று சிரப் எழுதிக் கொடுத்தார்கள். வீணாய்ப் போன அந்தப் பத்து நாள் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏப்ரல் 26, சனி

இரவு ஒன்றரை. மாரில் உறிஞ்சினால் ஐந்து நிமிடத்தில் களைத்துத் தூங்கிவிடுகிறாள், அதனால் பாலைப் பீச்சி எடுத்துப் பாலாடையில் புகட்டுகிறோம். 40 மில்லி இறங்க முக்கால் மணி நேரம் ஆகிறது, முடித்து நிமிர்ந்தால் அடுத்த வேளை வந்து நிற்கிறது. காலையும் மாலையும், உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக இறக்குகிற ஃப்ரூஸிமைடு சொட்டு மருந்து 0.4 மில்லி. அப்புறம் மூச்சு எண்ண வேண்டும். சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதைச் செல்போனில் நேரம் வைத்து முழுசாக ஒரு நிமிடம். இந்த வயதுக்கு 50-க்குள் இருக்க வேண்டும், இவளுக்கு எப்போதும் 56, 58. விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்தால் நேரம் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடி வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் எண்ணினால் 58, என் மனைவி எண்ணினால் 54. மூன்றாவது தடவை எண்ணுவதற்குள் எனக்கு மார்க்கெட்டுக்குக் கிளம்பும் நேரம் வந்துவிட்டது.

மே 1, வியாழன்

அம்மா இன்று என் மனைவியிடம், "கிரகணத்தன்னிக்கு வெளிய கிளிய போனியாடி?" என்று கேட்டுவிட்டார். அவள் பதிலே பேசாமல் பாலாடையைக் கழுவிக்கொண்டிருந்தாள், கழுவின பாலாடையையே திரும்பத் திரும்ப. கருவில் இதயத்தின் சுவர்கள் மூடுவதெல்லாம் முதல் எட்டு வாரத்துக்குள் முடிந்துவிடுமாம். நாள் தள்ளிப்போனதை நாங்கள் கவனித்ததே ஆறாவது வாரத்தில்தான், இதில் கிரகணம் எங்கே வந்தது! அம்மாவிடம் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். ராத்திரி அம்மா சாப்பிடவில்லை.

மே 6, செவ்வாய்

எடை 5 கிலோவைத் தொட்டால் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாம் என்கிறார் டாக்டர். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்று வாங்கியாயிற்று, இனி எல்லாம் அவள் எடைதான். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்குத்தான் எடை தெரிகிறது, நடுவில் ஏறுகிறாளா இறங்குகிறாளா ஒன்றும் புரிவதில்லை. நான் மாட்டுத்தாவணியில் பூக்கமிஷன் கடையில் எடை போடுகிறவன், பதினொரு வருஷமாகக் கிராம் பார்த்துப் பார்த்துத்தான் என் பிழைப்பு. முதலாளியிடம் கேட்டு ஒரு பழைய தராசை இன்று வீட்டுக்குக் கொண்டு வந்தேன். தட்டை எவ்வளவு தேய்த்தும் மல்லி வாசம் போகவில்லை. துண்டை விரித்து, பூஜ்யத்துக்குக் கொண்டு வந்து, துணியில்லாமல் படுக்க வைத்தோம். கையைக் காலை ஆட்டினாள், நம்பர் நிற்கவே இல்லை. தும்மிவிட்டு ஒரு நொடி அசையாமல் கிடந்தாள், 3.980. "பிள்ளையை எடை போட்டா கண்ணு பட்டுரும்டா" என்று அம்மா அடுப்படியிலிருந்தே கத்தினார்.

மே 12, திங்கள்

விடிகாலையில் அழகர் ஆற்றில் இறங்கினார். வீடு செல்லூரில், ஆற்றுக்குக் கூப்பிடு தூரம். கூட்டத்துக்குள் கொண்டு போகாதீர்கள், இருமல் ஒட்டிக்கொண்டால் தாங்க மாட்டாள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பிறந்ததிலிருந்து நான் பார்க்காமல் விட்ட முதல் அழகர். அம்மா மட்டும் சொம்பில் சர்க்கரை நிரப்பிச் சூடம் ஏற்றிக்கொண்டு போய் வந்தார். நான் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாப்பாவை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தேன், தெருவெல்லாம் "கோவிந்தா" சத்தம், நடுவே கொட்டு வேறு, எனக்கு எண்ணிக்கை தப்பிக்கொண்டே இருந்தது.

மே 15, வியாழன்

காலையில் அம்மாவே தராசை எடுத்து வைத்துத் துண்டை விரித்துக்கொண்டிருந்தார். பாப்பா கையில் புதுசாக வசம்பு வளையல். நான் எதுவும் கேட்கவில்லை. 4.110.

"எத்தனைடா?" என்றார்.

வளையலைக் கழற்றித் தனியாகப் போட்டுப் பார்த்தேன், 5 கிராம். கழித்து 4.105 என்று எழுதிக்கொண்டேன்.