தண்ணீர் போகிற வழி

கிராமத்தில் வீடு கட்ட வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் மாசி, பங்குனியில் வருகிறார்கள். சம்பா அறுவடை முடிந்து, வயலில் உளுந்து பச்சை பிடித்திருக்கும். மண்பாதை காய்ந்து கிடக்கும், மனை வரைக்கும் கார் போகும். பார்த்ததும் பிடித்துப்போகும். நான் அவர்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஐப்பசிக் கடைசியிலோ கார்த்திகையிலோ இதே இடத்துக்கு ஒருமுறை வாருங்கள், அப்புறம் முடிவு செய்யலாம்.

மன்னார்குடிப் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு வரைபடம் போட்டுக் கட்டிக் கொடுப்பது என் தொழில். அப்பா கொத்தனார். அவருடைய ரசமட்டமும் தூக்குக்குண்டும் இன்னும் என் பையில் இருக்கின்றன. சில வருடங்களாக வருகிறவர்களில் நிறையப் பேர், சிங்கப்பூரில் வேலை முடித்துத் திரும்புகிறவர்கள், சென்னையில் ஓய்வு பெற்றவர்கள், ‘இயற்கையோடு சேர்ந்த வீடு’ கேட்கிறார்கள். போனில் படங்களோடு வருகிறார்கள். பாலித் தீவின் ஓலைக்கூரை, வயநாட்டு மலைச்சரிவில் கண்ணாடிச் சுவர், இலங்கையில் ஜெஃப்ரி பாவா கட்டிய வீடுகளின் முற்றம். அந்த ஆசை எனக்கும் உண்டு. பாவாவின் வேலையைப் பார்க்கும்போதெல்லாம், சுவருக்கு முன்னால் கூரையையும் காற்றையும் யோசித்தவர் இவர் என்று மரியாதை கூடுகிறது. ஆனால் அவர் கட்டிய தென்மேற்கு இலங்கையில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. தோட்டம் வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும். நமக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். உளுந்து எடுத்த பிறகு சித்திரையில் வயல் வெடித்துக் கிடக்கும். மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12 தண்ணீர் திறந்து, அது நம் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்தால்தான் மறுபடி பச்சை. அதனால் டெல்டாவில் வயலைப் பார்த்துப் பெரிய கண்ணாடி வைத்தால், மூன்று மாதம் வெடித்த களிமண்ணையும் அதிலிருந்து அடிக்கிற சூட்டையும் வீட்டுக்குள் வாங்கிக்கொள்கிறீர்கள்.

இங்கே இயற்கை என்றால் முதலில் தண்ணீர்தான். அது வருகிற வழி, நிற்கிற இடம், வடிகிற வழி. மரம், காற்று, வெளிச்சம் எல்லாம் அதற்குப் பிறகு.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரு மனை பார்க்கப் போயிருந்தோம். தரகர் காட்டியது சாலையோரம், நல்ல சதுரம். எதிர் வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம், “ஐயா, இங்க தண்ணி எதுவரைக்கும் ஏறும்?” என்று கேட்டேன். அவர் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு வாய்க்கால் மதகுக்கு எங்களைக் கூட்டிப்போனார். மதகுக் கட்டையின் செங்கல்லில் ஒரு கோடு, அதற்குக் கீழே பாசி கறுத்திருந்தது, மேலே செங்கல் நிறம் அப்படியே இருந்தது. அந்தக் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, “இதுவரைக்கும் வருசா வருசம் வரும் தம்பி. கட்டை முழுகுச்சின்னா நீங்க பார்த்த மனையில முழங்கால் தண்ணி” என்றார். தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பிடித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. எந்த அலுவலகத்து வரைபடத்திலும் இவ்வளவு துல்லியமாக எனக்குக் கிடைத்ததில்லை.

டெல்டாவின் சரிவு மிகக் குறைவு. தண்ணீர் ஓடாது, நகரும். அதனால்தான் பழைய ஊர்களில் நத்தம், அதாவது ஊர் குடியிருக்கிற நிலம், பெரும்பாலும் வயலை விட மேட்டில் இருக்கிறது. ஊரைச் சுற்றிக் குட்டையும் வடிவாய்க்காலும் இருக்கின்றன. இப்போது நஞ்சையை மனையாக்கி, சவுடு மண் லாரி லாரியாக அடித்து நாலடி தூக்கி, குறுக்கே போன கன்னிவாய்க்காலை, அந்தச் சின்னக் கிளை வாய்க்காலை, தூர்த்துவிடுகிறார்கள். அந்த மனை தப்பிக்கும், பக்கத்து வயல் பதினைந்து நாள் தண்ணீரில் அழுகும். அப்படி ஒரு இடத்தில் கூரைமேல் எத்தனை செடி வளர்த்தாலும் அது இயற்கையோடு சேர்ந்த வீடு ஆகாது என்பது என் திடமான எண்ணம். வருகிறவர்களிடம் இதைச் சொல்லிவிடுகிறேன். முடிந்தவரை நத்தத்தில் பாழடைந்து கிடக்கிற பழைய மனையை வாங்குங்கள். கிணறு இருக்கும், மரம் இருக்கும், தண்ணீர் வடிய வழியும் இருக்கும்.

தாழ்வான இடம்தான் அமைந்தது என்றால், மனைக்குள்ளேயே ஒரு குட்டை வெட்டச் சொல்கிறேன். வெட்டின களிமண்ணை வீட்டுத் தரைக்கு அடியில் போடக் கூடாது. ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், தளம் பிளந்துவிடும். அதற்குக் கிராவல்தான். ஆனால் தோட்டத்தையும் நடைபாதையையும் உயர்த்த அந்த மண் நன்றாகவே போதும். ஒரு கணக்கு சொல்கிறேன்: 1,000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 9,000 லிட்டர் இறங்கும். கார்த்திகையில் அப்படி ஒரு நாள் வருவதும் உண்டு. அவ்வளவும் குட்டைக்குப் போய், நிரம்பினது வடிவாய்க்காலுக்குப் போக வேண்டும். குட்டையில் கெண்டைக் குஞ்சு விட்டால் கொசுப்புழுவும் குறையும்.

களிமண் என்றதும் அஸ்திவாரத்தையும் சொல்லிவிட வேண்டும். சித்திரையில் நம் வயல் வெடிப்பில் கையை விட்டால் முழங்கை வரை போகும். அந்த மண்மேல் சாதாரணக் கருங்கல் அஸ்திவாரம் போட்டால் இரண்டு வருடத்தில் ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் ஏறும். ஆழத்தில் இறக்கி அடியில் குமிழ் போல அகலப்படுத்திய கான்கிரீட் தூணும் (அண்டர் ரீம்டு பைல்), அதன் மேலே சுவரைத் தாங்கும் கிரேடு பீமும், பீமுக்கு அடியில் மண் உப்ப இடம் விட்டும் செய்வதே நல்லது. செலவுதான், ஆனால் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். இன்னொன்று, வீட்டை ஒட்டி மரம் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய மரம் கோடையில் மண்ணின் ஈரத்தை உறிஞ்ச, அந்தப் பக்கம் மண் சுருங்கி அஸ்திவாரம் இறங்கும். மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரம் தள்ளி நடுங்கள். புங்கையும் பூவரசும் மேற்குப் பக்கம் அப்படித் தள்ளி நின்றால் பிற்பகல் வெயிலுக்கும் ஆடி மேல்காற்றுக்கும் தடுப்பாக இருக்கும். சுவரோரம் பவழமல்லி, நந்தியாவட்டை போதும். குளியலறை, அடுப்படித் தண்ணீர் போகிற இடத்தில் வாழையும் கல்வாழையும். நம் பாட்டிமார்கள் செய்ததுதான், அதை விடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

வெயில் விஷயத்தில் எல்லோருக்கும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. வடக்குச் சுவரில் வெயிலே படாது என்கிறார்கள். மன்னார்குடி கிட்டத்தட்ட 10.7 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்தில் ஒருநாள் உச்சியில் நிழலே விழாது. மறுபடி ஆவணியில் ஒருநாள். இந்த இரண்டு நாளுக்கும் இடையில், அதாவது கத்திரி வெயில் முழுக்க, உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. காலையும் மாலையும் இன்னும் வடக்கே சாய்ந்து, ஜன்னலுக்குள் நேராகவே வரும். ஐப்பசியில் மழைச்சாரலும் வடகிழக்கிலிருந்துதான் அடிக்கிறது. ஆக, வடக்கிலும் கிழக்கிலும் மூன்று நான்கு அடி இறவாணம், அதாவது சுவரைத் தாண்டி நீள்கிற கூரை விளிம்பு, விடுகிறேன். தெற்கில் மார்கழி வெயில் உள்ளே வரட்டும். அந்த மாதம் சுவரின் ஈரத்தைக் காய வைக்க அது வேண்டும்.

நீண்ட இறவாணம் என்றாலே கஜா ஞாபகம் வருகிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறின புயல், இந்தப் பக்கம் தென்னந்தோப்புகளையும் ஓட்டுக் கூரைகளையும் என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காற்று இறவாணத்துக்கு அடியில் புகுந்துதான் கூரையைத் தூக்குகிறது. அதனால் தாழ்வாரக் கூரையைப் பெரிய கூரையின் தொடர்ச்சியாக விடாமல் தனிச் சட்டத்தில் தனியாக நிறுத்துகிறேன். போனால் தாழ்வாரம் மட்டும் போகும், வீடு நிற்கும். இரண்டு பக்கம் சாய்கிற கூரையை விட நாலு பக்கமும் சாய்கிற கூரை காற்றைத் தாங்கும். சட்டத்தைச் சுவரின் மேல் பெல்ட் கான்கிரீட்டில் இரும்புப் பட்டை போட்டு முடுக்க வேண்டும். தென்னையை வீட்டின் மேல் விழாத தூரத்தில் வையுங்கள். பனை நின்றதைப் பார்த்தோம், அதனால் எல்லை ஓரம் பனங்கொட்டை போடச் சொல்கிறேன், பலன் பேரப்பிள்ளைகளுக்கு.

உள்ளே, எனக்கு மிகவும் பிடித்த வேலை ஜன்னல். இப்போது எல்லோரும் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில்தான் ஜன்னல் வைக்கிறார்கள். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் அது சரி. ஒரு வீட்டில் அந்த அம்மா கூடத்தில் பாய் விரித்துப் படுப்பவர். வைகாசிப் பிற்பகலில் நானும் அந்தத் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னல் திரை மேலே ஆடிக்கொண்டிருக்கிறது, அவருடைய புடவைத் தலைப்பு அசையவே இல்லை. காற்று முழுக்க அவருக்கு மேலாகவே போய்க்கொண்டிருந்தது. பழைய வீடுகளில் கூடத்து ஜன்னல் தரைக்கு ஓரடி மேலே தொடங்கும், கீழே இரண்டு கதவு, மேலே இரண்டு கதவு, குறுக்கே இரும்புக் கம்பி. மறைவு வேண்டும்போது கீழ்க்கதவை மூடி மேலே திறக்கலாம், படுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம். அந்த அம்மாவுக்குக் கிழக்குச் சுவரை இடித்து அப்படி ஒரு ஜன்னல் வைத்தோம். கொசுவலை போட்டால் காற்று குறையும், அதனால் ஜன்னலைத் தேவைக்கு மேல் பெரிதாக்கிவிட்டு வலை போடுவது என் வழக்கம்.

முற்றம் கேட்கிறார்கள், கட்டின மறுவருடம் அதன் மேல் பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். வீட்டின் சூடு மேலே ஏறி வெளியேறுகிற வாய் அதுதான். மூடினால் வீடே வெந்துவிடும். குரங்குக்கும் திருடனுக்கும் பயந்தால் கம்பி போடுங்கள், மேலே திறந்திருக்கட்டும். எட்டுக்கு எட்டு முற்றமானாலும் வடிகால் இரண்டு வையுங்கள். ஒன்றை இலை அடைத்துக்கொண்டாலும் மற்றது இழுக்கும். முற்றத்துத் தரை கூடத்தை விட ஓரடியாவது பள்ளமாக இருக்கட்டும், நடு ராத்திரி மழையில் யாரும் எழுந்து ஓட வேண்டியிருக்காது.

சுவருக்குக் காளவாய்ச் செங்கல், சில இடங்களில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு, செங்கல்லை நிமிர்த்தி வைத்து நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவது. நடுவில் காற்று இருப்பதால் மேற்குச் சுவருக்கு நல்லது, செங்கல்லும் கால்வாசி மிச்சம். உள்ளே சுண்ணாம்புப் பூச்சு. நம் ஊர் ஈரத்தில் சிமெண்டு பூசின பழைய சுவர் உப்புப் பூத்துப் பொரிவதை எங்கும் பார்க்கலாம். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காமல் வெளியே விட்டுவிடும்.

வெளிச்சம் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் டெல்டாவில் குடியேறின முதல் கார்த்திகையில் எல்லோரும் எனக்குப் போன் செய்வது அதற்குத்தான். சம்பா பயிர் நிற்கிற மாதங்களில் மாலை விளக்கு போட்டதும் பச்சைத் தத்துப்பூச்சி மேகமாக வந்து இறங்கும். சோற்றுத் தட்டில், குழந்தை காதில், எங்கும். மருந்தடிக்கத் தேவையில்லை. வெள்ளை எல்இடியைக் கழற்றிவிட்டு மஞ்சள் விளக்கு போடுங்கள், பூச்சி குறையும். வாசலை விட்டுத் தள்ளி, வேலியோரக் கம்பத்தில் ஒரு வெள்ளை விளக்கு எரியட்டும், பூச்சி அங்கே போகும். திண்ணையை இருட்டாக விடுங்கள். அந்த நேரத்தில் சாப்பாட்டு அறை வீட்டின் நடுவில், முற்றத்தை ஒட்டி இருப்பது எவ்வளவு சௌகரியம் என்று அப்போது தெரியும். இப்போதெல்லாம் வரைபடத்திலேயே விளக்குப் புள்ளிகளை நானே குறித்துக் கொடுக்கிறேன்.

கடைசியாக ஆள். புரட்டாசிக்குள் கூரையேறி உடைந்த ஓட்டை மாற்ற வேண்டும், வாய்க்கால் தூர் எடுக்க வேண்டும், சுண்ணாம்பு அடிக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு மட்டும் வந்து திறக்கிற வீட்டுக்கு இது சரிப்படாது. பூட்டியே கிடந்தால் கரையானும் ஈரமும் ஓட்டு வீட்டைச் சீக்கிரம் தின்றுவிடும். அப்படிப்பட்டவர்களுக்குக் கான்கிரீட் தளமே போட்டுக் கொடுக்கிறேன், அதிலும் வடக்கு இறவாணத்தையும் குட்டையையும் விடுவதில்லை. நாட்டு ஓடு வேயத் தெரிந்த ஆட்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், எல்லோரும் வயதானவர்கள். இந்த ஆவணியில் ஒரு வேலை வருகிறது, கூடவே இரண்டு இளவட்டங்களைக் கூரையேற்றிப் பழக்கிவிடச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் கூலியை நான் தருகிறேன் என்றதும் பெரியவர் ஒத்துக்கொண்டார்.