ஜூடியின் ஊரில் குடித்தனம்

கிராண்ட் ராப்பிட்ஸுக்குக் குடிவந்த புதிதில் மிசிசிப்பி ஆற்றைப் பற்றியோ காகித ஆலையைப் பற்றியோ யாரும் எங்களிடம் பேச்செடுக்கவில்லை. வங்கிக்குப் போனாலும் பல் மருத்துவரிடம் போனாலும், "ஜூடி கார்லண்ட் பிறந்த வீட்டைப் பார்த்தாயிற்றா?" என்றுதான் கேட்டார்கள். ஜூடி அந்தக் கால ஹாலிவுட் நடிகை, பாடகி. அமெரிக்காவின் வடக்கு மின்னசோட்டாவில் பத்தாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். துவரம்பருப்பும் பெருங்காயமும் தீர்ந்தால் மினியாபொலிஸ் வரை மூன்று மணி நேரம் காரோட்ட வேண்டும். குளிரைப் பற்றிப் புலம்பத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன். இன்ஜின் உறைந்துபோகாமல் இருக்க, இரவில் காரின் வயரை இழுத்து வெளிச்சுவரிலுள்ள பிளக்கில் செருகிவிட்டுப் படுக்கும் ஊர் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

அந்த வீட்டுக்கு என்னை அழைத்துப்போனவர் எதிர்வீட்டு அம்மா, எண்பதைத் தாண்டியவர். வெள்ளை வர்ணம் பூசிய மாடி வீடு. பழைய இடத்திலிருந்து வீட்டையே பெயர்த்து நெடுஞ்சாலை ஓரம் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே அருங்காட்சியகம். 1922 ஜூன் 10 அன்று பிறந்த குழந்தைக்கு வைத்த பெயர் பிரான்சஸ் எதெல் கம். அப்பா இங்கே தியேட்டர் நடத்தினார், அம்மா பியானோ வாசித்தார், அக்காமார் இருவரும் மேடையில் பாடினார்கள். 1924 கிறிஸ்துமஸ் சமயம், இரண்டரை வயதில் கடைக்குட்டியும் மேடையேறி 'ஜிங்கிள் பெல்ஸ்' பாடினாள். திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே இருந்தவளைக் கடைசியில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்ததாம். எதிர்வீட்டு அம்மா இதைச் சொந்தப் பேத்தியின் கதைபோலச் சொல்லிச் சிரித்தார்.

இத்தனைக்கும் 1926-லேயே அந்தக் குடும்பம் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டது. பெண்ணுக்கு வயது நான்கு. ஓர் ஊரில் காலமெல்லாம் குப்பை கொட்டினால்தான் அந்த ஊர்க்காரர் என்ற பேர் கிடைக்கும் என்று நினைத்திருந்த எனக்கு இந்தக் கணக்கு பிடித்திருந்தது.

பிடிக்காத பகுதி அதற்குப் பிறகு வருகிறது. 1935-ல், 13 வயதில் எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் ஒப்பந்தம். அந்த ஆண்டே அப்பா காலமானார். 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படப்பிடிப்பு தொடங்கியபோது வயது 16. சின்னப் பெண்ணாகத் தெரிய வேண்டும் என்று மார்பை இறுக்கிக் கட்டினார்கள். எடை ஏறக் கூடாது என்று சாப்பாட்டில் கைவைத்தார்கள். விழித்திருக்க ஒரு மாத்திரை, தூங்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள் என்று அவரே பின்னாளில் சொன்னார். சிறார் நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. மாத்திரையும் கூடவே தங்கிவிட்டது. 1969-ல் லண்டனில் இறந்தபோது வயது 47. "ஜூடியின் அம்மாவுக்குத் தெரியாமலா நடந்திருக்கும்?" என்று நான் கேட்டதற்கு எதிர்வீட்டு அம்மா பதில் சொல்லவில்லை. ஐந்து வயதில் சலங்கை கட்டிவிட்டு, போட்டி போட்டியாகப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலையும் நம்மவர்கள் சிலரும் என் நினைவுக்கு வந்தார்கள்.

ஊரார் ஓயாமல் பேசுவது செருப்பைப் பற்றித்தான். 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் ஜூடி அணிந்த சிவப்புக் காலணி ஜோடிகளில் ஒன்று இரவலாக இங்கே காட்சிக்கு இருந்தது. 2005 ஆகஸ்டில் கண்ணாடியை உடைத்துத் திருடிவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரேயொரு சிவப்பு ஜிகினாப் பொட்டு. 2018-ல் எஃப்.பி.ஐ. மீட்டது. நிஜமான மாணிக்கக் கல் என்று நம்பித்தான் எடுத்தேன் என்றான் திருடன். 2024 டிசம்பர் ஏலத்தில் 2 கோடியே 80 லட்சம் டாலருக்குப் போனது. கட்டணமெல்லாம் சேர்த்து 3 கோடியே 25 லட்சம். திரும்ப வாங்க அருங்காட்சியகமும் நிதி திரட்டியது, மாநில அரசும் ஒரு லட்சம் டாலர் ஒதுக்கியது. எங்கே எட்டும்? "பூட்டை ஒழுங்காகப் போட்டிருந்தால் போதும்" என்று எதிர்வீட்டு அம்மா இன்னும் பொருமுகிறார்.

என் மகள் இப்போது பள்ளிப் பாடகர் குழுவில் இருக்கிறாள். பாட வேண்டும் என்று அவளாகவே கேட்டுச் சேர்ந்தாள். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன். ஊரிலிருந்து நாத்தனார் பனியைப் பார்க்க ஜனவரியில் வருகிறேன் என்கிறார். ஜூனில் ஜூடி விழா நடக்கும், அப்போது வாருங்கள் அண்ணி என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.