நெட் பார்ட் சி: கட்டியும் வெள்ளணுக்களும், எனக்குக் கைகொடுத்த ஒரு படம்

ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆகிறது. சி.எஸ்.ஐ.ஆர். நெட் உயிர் அறிவியல் தேர்வில், மூன்றாவது முயற்சியில் ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்துவிட்டது. படபடப்பு இன்னும் அடங்கவில்லை. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

போன தடவை பார்ட் சி-யில் என்னைக் கவிழ்த்தது ஒரே கேள்வி. புற்றுநோய்க் கட்டியின் செல், புரதத் துண்டுகளை வெளியே காட்டும் எம்.எச்.சி. கிளாஸ் ஒன் மூலக்கூறை இழந்துவிட்டால் அதைக் கொல்வது யார்? சி.டி.8 டி செல் (ஒருவகை வெள்ளணு) என்று குறித்துவிட்டு வந்தேன். நாலு மார்க்கும் போச்சு, மைனஸும் விழுந்தது. கட்-ஆஃபுக்குக் குறைந்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அப்புறம் ஒருநாள் தாராவி வீட்டில் காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டு அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். "பாஸே இல்லாதவன ஒரு டி.சி. பிடிக்கிறான். பாஸ வாங்கிப் படிச்சுப் பாத்து இன்னொருத்தன் பிடிக்கிறான். இதான?"

இதேதான். ரயில் பாஸ்தான் எம்.எச்.சி., டி.சி.க்கள்தான் வெள்ளணுக்கள். டி செல், எம்.எச்.சி.யில் செருகியிருக்கும் பெப்டைடை, அதாவது புரதத் துண்டை, படிக்கும். அது மாறிப்போன புரதத்தின் துண்டு என்றால் கொல்லும். சரியான விடையான என்.கே. செல்லுக்கு (நேச்சுரல் கில்லர், இன்னொரு வெள்ளணு) படிக்கத் தெரியாது. எம்.எச்.சி. இருந்தால் அதன் தடுப்பு ரிசெப்டர் கையைக் கட்டிப்போடும், இல்லாவிட்டால் கட்டு அவிழும். டி செல்லிடமிருந்து தப்ப பாஸைத் தூக்கி எறிந்த கட்டி இங்கே மாட்டும். ஆயுதம் இருவருக்கும் ஒன்றே: பெர்ஃபோரின் துளை போடும், கிரான்சைம் உள்ளே போய் அப்போப்டோசிஸை (செல் தன்னைத்தானே அழித்துக்கொள்வதை) தொடங்கிவைக்கும்.

இந்தப் படத்தைப் பார்க்காமல் பத்துத் தடவை போடுங்கள். மற்றவை:

- கட்டு அவிழ்ந்தால் மட்டும் போதாது, என்.கே.ஜி.2.டி. போன்ற தூண்டும் ரிசெப்டரும் வேலை செய்யவேண்டும்.
- சி.டி.எல்.ஏ.4, பி.டி.1 இரண்டும் டி செல்லின் பிரேக். முன்னது முக்கியமாக நிணநீர் முடிச்சில், டி செல் தூண்டப்படும்போது; பின்னது பெரும்பாலும் கட்டிக்குள்ளேயே. விஞ்ஞானிகள் அலிசனுக்கும் ஹோஞ்சோவுக்கும் 2018 நோபல் இந்தப் பிரேக்கைத் தளர்த்தும் புற்றுநோய் சிகிச்சைக்குத்தான்.
- கட்டிக்குள் உள்ள மேக்ரோஃபேஜ்கள் என்ற வெள்ளணுக்கள் பல நேரம் புது இரத்தக்குழாய் வளர உதவும். "எல்லா வெள்ளணுவும் கட்டியை எதிர்க்கும்" என்ற ஆப்ஷனை அடித்துவிடுங்கள்.

கார்-டியை (புற்றுநோய் செல்லைப் பிடிக்க மாற்றியமைத்த டி செல் சிகிச்சையை) விட்டுவிடாதீர்கள். ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. பஸ்ஸில் டாடா மெமோரியல் இருக்கும் பரேலைத் தாண்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், நாம் படிக்கிற செல் இங்கே நோயாளிக்கு ஏறுகிறது என்று. அது பி செல் மேல் இருக்கும் சி.டி.19 புரதத்தை நேராகப் பிடிக்கும், பாஸே கேட்காது. எம்.எச்.சி.யை மறைத்தாலும் தப்ப முடியாது.

இந்த முறை பார்ட் சி-யின் 75-இல் நான் எடுத்த 25 கேள்விகளில் முதலில் தொட்டது இம்யூனாலஜிதான். காலண்டர் தாள் இன்னும் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறது. வேண்டுமென்றால் கேளுங்கள், போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.