டோவரில் கப்பலேறும் முன்

அடுத்த மாதம் இங்கிலாந்தின் டோவரிலிருந்து பிரான்ஸின் கலேவுக்குக் கப்பல். ஸ்காட்லாந்து வரை ஓட்டிப் பழகிய மோட்டார்ஹோம்தான், உள்ளேயே சமைத்துத் தூங்கும் வீட்டு வண்டி. கடல் தாண்டுவது இதுவே முதல் முறை.

மனைவியின் பெருங்கவலை தயிர். 2021 முதல் பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் இறைச்சியோ பால் பொருளோ கொண்டுபோக முடியாது. நெய்யும் அதில் அடக்கம். சாம்பார்ப் பொடியும் அப்பளமும் பெட்டிக்குள் போய்விட்டன; உறைமோருக்காக இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறாள்.

என் கவலை மின்சாரம். பிரான்ஸில் இப்படி வண்டி நிறுத்தித் தங்கும் முகாம்கள் பலவற்றில் 6 ஆம்பியர்தான் தருவார்கள். 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 1380 வாட். எங்கள் வீட்டுக் கெட்டில் மட்டுமே 3000 வாட் இழுக்கும். ஆகவே 900 வாட்டில் சின்னதாக ஒன்று வாங்கினேன். மிக்ஸி 750 வாட். "மிக்ஸி ஓடும்போது கெட்டிலைத் தொடாதே" என்று எழுதி ஸ்விட்ச் அருகில் ஒட்டியாயிற்று. யாருக்காக எழுதினேன் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வலப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் எதிரே வருபவர் கண் கூசாதிருக்க முகப்பு விளக்குக்கு ஸ்டிக்கர், எச்சரிக்கை முக்கோணம், கைக்கெட்டும் இடத்தில் ஒளிரும் மேலங்கி: இவை ஒரே கடையில் முடிந்தன.

எடைதான் இழுபறி. வண்டியின் உச்சவரம்பு 3500 கிலோ. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. தொட்டியைக் கால்வாசி மட்டும் நிரப்பப் போகிறோம். அரிசி மூட்டையைக் குறைக்கச் சொன்னால் என் மடக்கு நாற்காலியைக் காட்டுகிறாள்.

இங்குள்ள கேஸ் சிலிண்டர் காலியானால் அங்கே மாற்றித் தரமாட்டார்கள். எங்கள் இரண்டு சிலிண்டரையும் நிறைத்தே எடுத்துப் போகிறோம், கப்பலில் வால்வை மூடிவிட்டு.