தேய்ந்த பூட்டும் என் விரலும்

மார்ச் 3, ஞாயிறு
கொழும்பு வெள்ளவத்தையில் கடலோரத்து வீடுகளில் பூட்டு கனகாலம் தாக்குப்பிடிக்காது, உப்புக்காற்று தின்றுவிடும். மேல்மாடி மாமி கதவுக்குப் புதுப்பூட்டுப் போட்டுவிட்டு, கழற்றியதை என்னிடம் தந்தார். "தம்பி, திறப்பை ஒரு நூல் வெளியே இழுத்துப் பிடிச்சால்தான் திறபடும்." பித்தளைச் சிலிண்டர், ஐந்து பின்: திறப்பின் பல் உயர்த்திவிடும் சின்ன உலோகத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு மேல்பின். திறப்பைப் போட்டு ஆட்டினால், திறப்போடு திரும்பும் உள்உருளை கடகடக்கிறது.

திறப்பில்லாமல் கம்பியால் பூட்டுத் திறந்து பழகுவது என் பொழுதுபோக்கு. என் பூட்டு, இல்லையென்றால் உரியவர் கையால் தந்த பூட்டு. வேறெதையும் நான் தொடுவதில்லை. கதவில் இருப்பதையும் தொடமாட்டேன். தேய்ந்த பூட்டில் ஒரு பின் சிக்கினால் போதும், வீட்டுக்காரர் வாசலில் நிற்கவேண்டியதுதான்.

மார்ச் 6, புதன்
பஞ்சிகாவத்தையில் பழைய கார் வைப்பர் ஒன்று வாங்கினேன். ரப்பருக்குள் ஓடும் உருக்குப் பட்டியை வளைத்தால் உருளையைத் திருப்பிப் பிடிக்க அருமையான கம்பி.

மார்ச் 10, ஞாயிறு
இரவு முழுக்க மாமியின் பூட்டோடுதான். 1861இல் லைனஸ் யேல் இளையவர் காப்புரிமை பெற்ற அதே ஏற்பாடு. பின் துளைகளை எவ்வளவு கவனமாகக் குடைந்தாலும் அவை ஒரே நேர்கோட்டில் அமையாது, மயிரிழை விலகும். அதனால் உருளையை மெல்லத் திருப்பிப் பிடித்தால் முதலில் ஒரு பின்தான் இறுகும். அதை இன்னொரு கம்பியால் உயர்த்த, மேல்பின் உருளையின் விளிம்பைத் தாண்டும். சின்னதாய் ஒரு 'டிக்'. பிறகு அடுத்த பின் இறுகும்.

தேய்ந்த பூட்டில் துளை அகன்றிருக்கும். அந்த இரண்டாவது கம்பியை உள்ளே விட்டு முன்னும் பின்னும் உரசினாலே திறந்துவிடும், திறந்தது. ஆனால் ஒவ்வொரு பின்னாக ஏற்றப் பார்த்தால் விரல் ஏமாறுகிறது. அகன்ற துளைக்குள் பின் சரிந்து, ஏறாமலே ஏறியமாதிரிக் காட்டும். பழகுகிறவர்களுக்குப் பழம்பூட்டுக் கொடுக்கிற வழக்கம் எனக்குச் சம்மதமில்லை. மலிவான புதுப்பூட்டு நூறு மடங்கு நல்லது. தேய்ந்தது, கை பழகியவருக்கு.

மார்ச் 16, சனி
பழைய சோனகத் தெருவில் ஒரு ஹாட்வெயார் கடை. மாமியின் பழைய திறப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த முதலாளி, "தேஞ்ச திறப்பப் பார்த்து இன்னொண்டு வெட்டாதீங்க தம்பி, தேய்வும் சேர்ந்துதான் வரும்" என்றார். எண்ணெய் விடுவதும் அவருக்குப் பிடிக்காது, தூசியோடு சேர்ந்து களியாகிவிடுமாம். பென்சில் கரித்தூள்தான் அவர் கைமருந்து. நானும் அதே கட்சி.

மார்ச் 23, சனி
பிரித்துவிட்டேன். வெள்ளைத் துணியில் பின்களை வரிசையாக வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். வாய்ப்பக்கத்து முதல் பின்னின் கூர் மழுங்கி, ஒரு பக்கம் சப்பையாகிக் கிடக்கிறது. உள்ளே கடைசிப் பின்னில் கீறல்கூட இல்லை. திறப்பின் பல் எல்லாம் ஒவ்வொரு முறையும் முதல் பின்னை உரசிக்கொண்டுதானே உள்ளே போகிறது, கடைசிப் பின்னைத் தொடுவது நுனி மட்டும்.

பின்னேரம் மாமியிடம் போய், புதுப்பூட்டோடு வந்த திறப்புகளில் ஒன்றைப் பாவிக்காமல் எடுத்துவைக்கச் சொன்னேன். இனி வெட்டுவதென்றால் அதைப் பார்த்துத்தான் வெட்டவேண்டும். அரிசிப்பேணிக்குள் போட்டுவைத்தார்.