துடைக்காமல் விட்ட ஃபிளாக்

லினக்ஸ் சர்வர் பராமரிப்பில் நினைவகப் பிழை என்றால் கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, கவிழ்வதுதான் முதலில் நினைவுக்கு வரும். 2022 மார்ச் 7 அன்று வெளியான டர்ட்டி பைப் என்ற லினக்ஸ் கர்னல் பாதுகாப்புக் குறை, பொதுப் பட்டியல் எண்படி சிவிஇ-2022-0847, அந்த ரகம் இல்லை. எதுவும் கவிழாது, லாகில் ஒரு வரிகூட விழாது.

மென்பொருளாளர் மேக்ஸ் கெல்லர்மன் இதைப் பிடித்ததே, சுருக்கி வைத்த வெப் லாக் கோப்புகளில் சிஆர்சி பிழை, அதாவது சரிபார்ப்பு எண் பொருந்தாத பிழை, வந்ததால்தான். ஒவ்வொன்றிலும் கடைசி 8 பைட் மட்டும் மாறியிருந்தது. அதுவும் குப்பை அல்ல, ஜிப் கோப்புக்குள் வரும் தலைப்பு பைட்டுகள். வன்பொருள் கோளாறு இவ்வளவு ஒழுங்காகத் தவறு செய்யாது.

பைப் என்பது ஒரு நிரல் எழுதுவதை இன்னொரு நிரல் படிக்கும் வழி; கர்னலுக்குள் அது பொதுவாக 16 இடங்கள் கொண்ட வளையம். ஒவ்வோர் இடமும் 4096 பைட் நினைவகப் பக்கம் ஒன்றைச் சுட்டும். பைப்பில் எழுதும்போது, 'இதே பக்கத்தில் தொடர்ந்து சேர்க்கலாம்' என்ற ஃபிளாக் (அடையாளக் குறி) அந்த இடத்தில் ஏறும். படித்துக் காலி செய்தாலும் அது அங்கேயே கிடக்கும். பிறகு ஸ்ப்ளைஸ் என்ற கர்னல் அழைப்பு வழியாக ஒரு கோப்பை பைப்புக்குள் விட்டால், கர்னல் நகல் எடுக்காமல் பேஜ் கேச் (கோப்பின் நினைவகப் பிரதி) பக்கத்தையே அந்த இடத்தில் மாட்டுகிறது, பழைய ஃபிளாக்கைத் துடைப்பதில்லை. அடுத்து எழுதுவது நேராகக் கோப்பின் கேச் பிரதிக்குள் போய் விழும். படிக்கும் அனுமதி மட்டும் இருந்தால் போதும். பக்கத்தின் முதல் பைட்டை மாற்ற முடியாது, பக்க எல்லையைத் தாண்ட முடியாது, கோப்பை நீட்டவும் முடியாது. ஆனால் பயனர் கணக்குகள் உள்ள பாஸ்வட் கோப்பில், முழு அதிகாரம் கொண்ட ரூட் பெயரின் நான்கு எழுத்துக்கு அடுத்துள்ள கடவுச்சொல் இடத்தை மாற்ற இந்தத் தடைகள் குறுக்கே வருவதில்லை. கர்னல் 4.9-இல் நுழைந்த இந்த விடுபடல், 5.8-இல்தான் ஆயுதமானது. ஃபிளாக்கைச் சுழியமாக்கும் வரியை இரண்டு இடங்களில் சேர்த்ததுதான் திருத்தம்.

மாற்றிய பக்கம் 'டர்ட்டி' (டிஸ்க்கில் எழுத வேண்டியது) எனக் குறிக்கப்படாததால் டிஸ்க்கில் பழையதே இருக்கும். சந்தேகம் வந்தவுடன் ரீபூட் செய்தால் தடயம் போய்விடும். முதலில் சந்தேகமான கோப்புக்கு வழக்கம்போல் செக்சம் (சரிபார்ப்பு எண்) எடுங்கள், அது கேச்சைக் காட்டும். பிறகு டிடி கட்டளையில், கேச்சைத் தவிர்த்து டிஸ்க்கைப் படிக்கும் டைரக்ட் முறையில் படித்து ஒப்பிடுங்கள். இடையில் யாராவது கடவுச்சொல் மாற்றினால், கெட்ட பிரதியே டிஸ்க்குக்குப் போய்விடக்கூடும்.

கர்னல் 5.16.11, 5.15.25, 5.10.102 ஆகியவற்றில் திருத்தம் உண்டு. உபுண்டு போன்ற லினக்ஸ் விநியோகங்கள் பழைய எண்ணிலேயே பேட்ச் (திருத்தம்) சேர்ப்பதால், எண்ணை நம்பாமல் பேக்கேஜின் மாற்றக் குறிப்பில் சிவிஇ எண்ணைத் தேடுவது நல்லது. கன்டெய்னர் இமேஜை மட்டும் புதுப்பித்துப் பயனில்லை, அதற்குள் ஓடுவது அதைத் தாங்கும் ஹோஸ்ட் கணினியின் கர்னல். பேட்ச் நிறுவிவிட்டு ரீபூட்டைத் தள்ளிப்போட்ட சர்வரில், ஓடும் கர்னலின் எண்ணைச் சொல்லும் யூநேம் கட்டளை இன்னும் பழைய எண்ணைத்தான் காட்டும்.