பழைய காருக்கு ரீகால் பாக்கி இருக்கிறதா? நான் பார்த்த விதம்

எங்களிடம் இருப்பது 2011-ல் தயாரான கார். 2018-ல் மதுரைக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கி, மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றினேன். கருங்கல் பக்கம் வீடு. கடல் காற்று எந்நேரமும் வீசும் இடம்.

போன ஐப்பசியில் மச்சான் வந்திருந்தார். அவரிடமும் இதே மாடல்தான், ஷோரூமில் புது வண்டியாகவே வாங்கியது. "ஏர்பேக்கை மாற்றணும்னு எனக்கு கம்பெனியிலிருந்து லெட்டர் வந்து, போன வருஷமே மாத்தியாச்சு. உங்களுக்கு வரலியா?" என்று கேட்டார். எங்களுக்கு எப்படி வரும்? கம்பெனியின் கணக்கில் இந்த வண்டியின் முகவரி இன்னும் மதுரைதான். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கும்போது ஆர்.சி., இன்சூரன்ஸ், டயர் எல்லாம் பார்த்தேன். ரீகால், அதாவது பழுதுள்ள பாகத்தை மாற்றித் தர வண்டியைக் கம்பெனியே திரும்ப அழைப்பது, ஏதும் பாக்கி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். மோதும்போது ஏர்பேக் பையை ஊத வைப்பது இன்ஃப்ளேட்டர் என்கிற சிறிய உலோகக் குப்பி. ஒரு ஜப்பான் உதிரிபாக நிறுவனம் அதற்குள் வெடிமருந்தாக அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. வெக்கையிலும் ஈரக்காற்றிலும் பல வருஷம் கிடந்தால் அந்த மருந்து கெட்டுவிடும். அப்புறம் வெடிக்கிற வேகம் கட்டுக்கு மீறிப்போய், குப்பியே சிதறி, உலோகத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு ஆள்மேல் பாயும். உலகம் முழுக்க சுமார் 10 கோடி இன்ஃப்ளேட்டர்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த நிறுவனம் 2017-ல் திவாலானது. அமெரிக்காவில் ஃப்ளோரிடா போன்ற புழுக்கமான கடலோரப் பகுதிகளின் வண்டிகளுக்கு முதலில் மாற்றிக் கொடுத்தார்கள் என்று படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டு பருவமழையும் பெய்கிற நம்ம குமரி மாவட்டம் வேறென்ன?

அம்மாவுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தால் குமட்டும். எங்கே போனாலும் அம்மாவுக்கு முன் சீட்டுதான்.

ரீகால் பார்க்க வண்டியின் பதிவு எண் போதாது, வண்டியின் உடலிலேயே பொறித்திருக்கும் சேஸ் எண் வேண்டும். ஒரே மாடலில், ஒரே வருஷத்தில் வந்த வண்டிகளில்கூட ஒன்றுக்கு ரீகால் இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. எங்கள் ஆர்.சி. கார்டில் எழுத்து தேய்ந்து கிடந்தது. அதைப் பார்த்துக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டேன். தவறான எண் என்று வந்தது. மறுநாள் காலையில் முன் சீட்டைப் பின்னால் தள்ளி, கார்பெட்டின் மடிப்பைத் தூக்கினேன். முட்டம் கடற்கரை மணல் ஒரு கைப்பிடி இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, டார்ச் அடித்து, போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் ஆங்கில 'ஓ' என்று நினைத்தது பூஜ்யம். 17 எழுத்துள்ள சேஸ் எண்ணில் ஆங்கிலத்தின் ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது, ஒன்று, பூஜ்யம் என்ற எண்களோடு குழம்பும் என்பதால். இது முன்பே தெரிந்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். திருத்திப் போட்டதும் வந்துவிட்டது: பயணி பக்க ஏர்பேக் இன்ஃப்ளேட்டர், மாற்றவில்லை.

நாகர்கோவிலில் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். பதிவு எண்ணைக் கேட்டார்கள், "ஒன்றும் காட்டவில்லை சார்" என்றார்கள். சேஸ் எண்ணைச் சொல்லி மறுபடி பார்க்கச் சொன்னேன், ரீகால் காட்டியது. "வண்டி ரொம்ப பழசு, ஏழு வருஷம் தாண்டியாச்சே" என்று இழுத்தார்கள். அந்த ஏழு வருஷம் வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின் கீழ் அரசே ரீகாலுக்கு உத்தரவிடுவதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஏழு வருஷ வரம்பு அந்த விதிகளில் வருவது. கம்பெனி தானாக முன்வந்து அறிவித்த ரீகாலில் எங்கள் வண்டி இருந்தது. அதை எடுத்துச் சொன்னேன். மேலாளரிடம் கேட்டுவிட்டு, இலவசம்தான், பாகம் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த மூன்று வாரம்தான் கஷ்டம். ஊரில் தெரிந்த மெக்கானிக் ஒருவர், "ஃபியூஸை எடுத்து விட்டுடலாம் அண்ணே" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏர்பேக்கில் தெரியாமல் கை வைப்பது ஆபத்து, டிரைவர் பக்கப் பாதுகாப்பும் சேர்ந்து போய்விடும். அதனால் முன் சீட்டில் யாரையும் உட்கார வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். அம்மாவிடம் விவரம் சொன்னேன். "சரி மக்களே, நீ சொன்னா சரி" என்று ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து முகர்ந்துகொண்டே பின் சீட்டில் வந்தாள். திங்கள்சந்தை தாண்டுவதற்குள் இரண்டு முறை வண்டியை நிறுத்தினோம்.

பாகம் வந்த அன்று காலை ஒன்பதரைக்கு வண்டியை விட்டேன். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் கழித்துத்தான் டேஷ்போர்டில் கை வைத்தார்கள். மின்சாரம் முழுக்க வடிய வேண்டுமாம். மதியத்துக்குள் முடிந்தது. பழைய குப்பியைக் காட்டச் சொன்னேன். உள்ளங்கையில் வைத்துக் காட்டினார் பையன், என் கையில் தரவில்லை. கம்பெனிக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்றார். வெளியே ஒரு கீறல்கூட இல்லை, புதிது மாதிரி பளபளத்தது. ஜாப் கார்டில் ரீகால் வேலை முடிந்தது என்று எழுதி வாங்கினேன். நாளை வண்டியை விற்றால் வாங்குகிறவரிடம் கொடுக்க அது வேண்டும். ஒரு வாரம் கழித்து இணையதளத்தில் மறுபடி சேஸ் எண்ணைப் போட்டுப் பார்த்தேன், பாக்கி எதுவும் இல்லை என்று காட்டியது.

அடுத்த ஞாயிறு அம்மா முன் கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டினாள். போகிற வழியில் சித்தப்பா வீட்டில் இறங்கி, அவருடைய 2012 வண்டியின் சீட்டைத் தள்ளி, அந்த 17 எழுத்தையும் படம் எடுத்துக்கொண்டு வந்தேன்.